ஈ உட்காராத குழம்பு

“மனசு அடங்கவே மாட்டேங்குது சிஸ்டர்” என்றார் கஸ்பார்.

“இந்தக் கூடையப் பிடியும்” என்றாள் ஜெனோவா.

பிடித்தார். ஈரக் கூடை. உள்ளே சாளை மீன். கனத்தது.

“அந்தா, வலை விரிச்ச பரண் இருக்குல்ல, அதுல பரப்பும். ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கக் கூடாது.”

பரப்பிவிட்டு வந்தார். வந்து மறுபடி அதையே சொன்னார். மனசு அடங்கவில்லை. மூன்று வருசமாக.

“இன்னொரு கூடை இருக்கு” என்றாள்.

இப்படித்தான் அவர் சீடரானார். வேறு சடங்கு ஒன்றும் கிடையாது.

ஜெனோவாவுக்கு வயது முப்பத்தி நாலு. கன்னியாஸ்திரி மடத்தில் ஒன்பது வருசம் இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டவள். ஏன் வந்தாய் என்று கேட்டால், “அங்க யாரும் என்னைத் திட்டல” என்பாள். இப்போது கடற்கரையில் கருவாடு காயப்போடுகிறாள். ஆனாலும் சனங்கள் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கஷ்டம் என்று வருகிறவர்களுக்கு அவள் ஜெபம் சொல்வதில்லை. வேலை கொடுப்பாள். பாதிப்பேர் அன்றைக்கே ஓடிவிடுவார்கள். மீதிப்பேருக்கு ஏதோ கிடைத்தது என்று பேச்சு.

கஸ்பார் அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அவர் செய்தது என்ன என்பதை இப்பவே சொல்லிவிடலாம். அவர் ஒளித்து வைத்ததே போதும்.

மூன்று வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. வெயில் இல்லை. அவர் போட்ட கருவாடு காயவில்லை. ஈ மொய்த்தது. முட்டை போட்டது. மறுநாளே புழு நெளிந்தது. ரெண்டு தடவை மொத்தத்தையும் குழியில் கொட்டினார். மூன்றாவது தடவை, செடிக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து, மீனை அதில் முக்கி எடுத்தார். சமைக்கிறவர்கள் கழுவித்தானே சமைப்பார்கள், போய்விடும் என்று நினைத்தார்.

ஒரு ஈ கிட்டே வரவில்லை. பளபளவென்று காய்ந்தது. அவ்வளவு நல்ல கருவாட்டை அவர் அதுவரை போட்டதே இல்லை.

அதில் ஒரு கை அள்ளி, கூட்டாளி தொம்மையிடம் கொடுத்தார். ஆசையாகத்தான் கொடுத்தார்.

தொம்மையின் பெண்சாதி ரோசலி குழம்பு வைத்தாள். அவளுக்கு அன்று விரதம். ருசி பார்க்கவில்லை. தொம்மை ரெண்டு தட்டு சாப்பிட்டான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

சாப்பாடு விஷமாகிவிட்டது என்றார்கள். குழம்பை மூடாமல் வைத்திருந்தாள், பல்லி விழுந்திருக்கும் என்று ஊர் முடிவு கட்டியது. ரோசலியும் அதையே நம்பினாள்.

கஸ்பாருக்கு மட்டும் தெரியும். அன்று அவர் வீட்டுப் பூனையும் செத்துக் கிடந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். மிச்சக் கருவாட்டை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்.

அப்புறம் என்னவெல்லாமோ செய்தார். பேர் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதிலும் பாதியை விழுங்கினார். வருசா வருசம் மாதா கோயிலுக்கு நடந்தே போனார். மொட்டை போட்டார். இல்லாதவர்களுக்குச் சோறு போட்டார்.

ரோசலியிடம் மட்டும் சொல்லவில்லை.

நல்ல மனுசன்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

*

ரெண்டாவது கூடையை வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டது.

“கஸ்பார் அண்ணே! நீங்களா?”

ரோசலி.

கையில் கூடை இருந்தது. இல்லாவிட்டால் ஓடியிருப்பார்.

“நீ எங்கம்மா இங்க?”

“ரெண்டு வருசமாச்சுண்ணே. நம்ம ஊர்ல யாரும் என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. ஒரு கல்யாண வீட்ல வெங்காயம் உரிக்க உக்காந்தேன். எந்திரிச்சிரும்மான்னுட்டாங்க. சிஸ்டர்தான் வான்னாங்க, வந்துட்டேன்.” சிரித்தாள். “நீங்க எப்படி இருக்கீங்க? அவர் பெட்டியத் தூக்குன தோளுல்லா இது. நான் மறப்பேனா?”

கஸ்பார் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெனோவா ரெண்டு பேரையும் பார்த்தாள். 

“சிஸ்டர், நான் இன்னொரு நாள் வாரேனே.”

“எத்தன நாள் இருக்கணும்னு நீரு கேக்கவே இல்லியே.”

“எத்தன நாள்?”

“ஒரு ஈயோட ஆயுசு.”

“அது எவ்வளவு?”

“நாலு வாரம். அடிபடாம வாழ்ந்தா.”

“நாலு வாரம் நான் என்ன செய்ய?”

“மீனத் திருப்பிப் போடும். மத்த நேரம் ஈயப் பாரும்.”

“பாத்து?”

“வந்து சொல்லும்.”

*

மத்தியானம் ஓலைப் பந்தலுக்குக் கீழே கஞ்சி.

ரோசலியின் தட்டில் கஞ்சியும் உப்பும். குழம்பு கிடையாது, துவையல் கிடையாது. அவள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஈ வந்து தட்டைச் சுற்றியது. கஸ்பார் கையை வீசி விரட்டினார்.

“ஐயோ, விரட்டாதீங்கண்ணே!”

கத்தியே விட்டாள்.

ஈ திரும்பி வந்தது. கஞ்சிமேல் உட்கார்ந்தது. ரெண்டு அடி நடந்தது. வாயை நீட்டி உறிஞ்சியது. ரோசலி குனிந்து அதையே பார்த்தாள். அது செத்து விழவில்லை. நன்றாகவே பறந்து போனது.

அப்புறம்தான் கஞ்சியில் கையை வைத்தாள்.

“இது என்னம்மா பழக்கம்?”

“அது தின்னுட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே.”

“அசிங்கம்லா.”

“ஈ உக்காந்த சோறு தின்னு நான் இன்னும் சாகல.” ஒரு வாய் விழுங்கினாள். “அன்னைக்குக் குழம்புல ஒரு ஈகூட உக்காரலண்ணே. கருவாட்டுக் குழம்பு. தெறந்து கெடக்கு. ஒண்ணுகூட வரல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வீட்ட அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்னு நெனச்சேன். அவர்ட்ட வேற சொன்னேன், பாத்தீங்களா, நம்ம வீட்ல ஈ அண்டாதுன்னு. பெருமை எனக்கு.”

கஸ்பார் கஞ்சியைக் கிளறினார்.

“ஈக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. ஒரு மூடிண்ணே. கைக்கு எட்டுற தூரத்துல கெடந்துச்சு. எடுத்து மூடியிருந்தா பல்லி விழுந்திருக்குமா?”

அவர் கஞ்சியிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்க சாப்பிடுங்க. இந்தாங்க மொளகா” என்று தள்ளினாள்.

*

சாயங்காலம் ஜெனோவா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். கஸ்பார் போய் நின்றார்.

“சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“எனக்கா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுறீரு?”

“யார்ட்டயாவது சொன்னா மனசு கொஞ்சம்...”

“ஈ என்ன செய்யுது?”

“எந்த ஈ?”

“பாக்கல. போய்ப் பாரும்.”

*

மீன் குடலைக் கொட்டி வைக்கிற தொட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தார். நாற்றம் தாங்கவில்லை. ரெண்டு நாளில் பழகிவிட்டது.

“என்ன பாத்தீரு?”

“வருது, உக்காருது, போகுது.”

“அது பஸ்ஸு. ஈயச் சொல்லும்.”

மறுநாள் வந்தார்.

“அடிக்கப் போனா தப்பிச்சிருது சிஸ்டர்.”

“உம்மள அடிக்கவா சொன்னேன்? எத்தன தடவ அடிச்சீரு?”

“நாப்பது அம்பது.”

“விழுந்தது?”

“ரெண்டு.”

“உம்ம கை அதுக்கு மெதுவா வாரதா தெரியும். நமக்குக் கண்ணு மூடித் தெறக்குற நேரம், அதுக்கு நெறைய நேரம். எந்தப் பக்கத்துலருந்து அடி வருதுன்னு பாத்து, காலத் திருப்பி வச்சு, எதிர்ப்பக்கம் எம்பிரும்.”

“குடுத்து வச்ச சென்மம்” என்றார் கஸ்பார். “நமக்கு யாரு அவ்வளவு நேரம் குடுக்கா.”

ஜெனோவா அவரைப் பார்த்தாள்.

“உமக்கு எவ்வளவு நேரம் கெடச்சுது?”

அவர் எழுந்து மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

*

ரெண்டாவது வாரம் தொட்டியில் புழு வந்தது.

அதையும் பார்த்தார். வேறு வேலை? தின்பதும் பெருப்பதும் தின்பதும்தான். அரிசி மாதிரி இருந்தது நாலே நாளில் விரல்நுனி அளவு ஆனது. ஒருநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தொட்டியில் தீனி அப்படியே கிடக்கிறது. புழுவைக் காணோம்.

தேடினார். தொட்டிச் சுவரில் ஏறி, வெளியே விழுந்து, காய்ந்த மணலுக்குள் போய்ப் புதைந்திருந்தன. கிளறிப் பார்த்தால் தவிட்டு நிறத்தில் நெல்மணி மாதிரி கெட்டியான கூடு.

இதை அவளிடம் சொன்னார். “ம்” என்றாள்.

இதற்கு நடுவில் அவர் ரோசலிக்கு நிறையச் செய்தார். அவள் கூடையை வாங்கிச் சுமந்தார். அவள் குடத்துக்குத் தண்ணீர் பிடித்து வைத்தார். அவள் செருப்பு அறுந்ததை ஊசி வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

“எங்கூடப் பெறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்” என்றாள் ரோசலி.

அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. மூன்று வருசத்தில் முதல் தடவை. கேவலம்தான். ஆனால் வந்தது.

காலையில் முகம் தெளிந்து ஜெனோவாவிடம் போனார்.

“சிஸ்டர், நான் இங்கயே இருந்துரட்டா? இங்க வந்த பெறகு கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கு.”

“புழுகூட தின்ன எடத்துல தங்கல” என்றாள். “நீருதான சொன்னீரு.”

*

மூன்றாவது வாரம் ஒருநாள் ஓட்டமாக வந்தார். மூச்சு வாங்கியது.

“சிஸ்டர், கும்பிடுது!”

“எது?”

“ஈ! முன்னங்கால் ரெண்டையும் சேத்து, இப்படி, இப்படி.” தன் கைகளை நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். “தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்னு கெஞ்சுற மாதிரியே இருக்கு. இத்தன நாளா பாத்தும் இது எனக்குத் தோணல. அற்ப ஈ, அதுக்குக்கூட...”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கும்பிட்டுட்டு?” என்றாள்.

“ம்?”

“கும்பிட்டு முடிச்சிட்டு எங்க போகுது?”

போய்ப் பார்த்தார். மத்தியானம் திரும்பி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

“திரும்பவும் குடல்லதான் போய் உக்காருது.”

ஜெனோவா உள்ளே போய்க் கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு வந்தாள். பலகை நுனியில் ஒரு சொட்டு விட்டாள். ரெண்டு பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு ஈ வந்தது. பலகைமேல் நடந்தது. அதன் முன்னங்கால் சொட்டில் பட்டது. பட்ட உடனே, தலைக்குக் கீழே மடங்கியிருந்த வாய் சட்டென்று நீண்டது.

“எது மொதல்ல தொட்டுச்சு?”

“காலு.”

“கால்லதான் அதுக்கு ருசி தெரியும். காலுல அழுக்கு ஒட்டிக்கிட்டா ருசி தெரியாது.”

ஈ குடித்து முடித்தது. நாலு அடி தள்ளிப் போய் நின்றது. முன்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தது. நன்றாக, நிதானமாக.

“அப்ப இது கும்பிடலயா?”

“தொடைக்குது.”

“எதுக்கு?”

“அடுத்த வாய்க்கு” என்றாள் ஜெனோவா.

சொல்லிவிட்டு வெல்லத் தண்ணீரை மணலில் ஊற்றினாள். அவள் எழுந்து போன பிறகும் கஸ்பார் அங்கேயே குந்தியிருந்தார்.

அன்று அவர் ரோசலியின் கூடையைச் சுமக்கவில்லை. தண்ணீர் பிடித்து வைக்கவில்லை.

“ஒடம்பு சரியில்லையாண்ணே?” என்று அவளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அது இன்னும் மோசமாக இருந்தது.

*

நாலாவது வாரம் முடிகிற நேரத்தில் கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியது. கடற்கரை முழுக்க மணல் பறந்தது. பரணில் கிடந்த மீனை வலைபோட்டுக் கட்ட வேண்டியிருந்தது. தொட்டிப் பக்கம்கூட ஒரு ஈ இல்லை.

முதல் நாள் ரோசலி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஈ வரவில்லை. கஞ்சியைக் கொண்டுபோய் நாய்க்கு ஊற்றினாள்.

“வயிறு சரியில்ல” என்றாள்.

மறுநாளும் காற்று. மறுநாளும் கஞ்சி நாய்க்கு.

மூன்றாவது நாள் ஜெனோவா, கஸ்பாரின் பையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

“நாலு வாரம் ஆச்சு. ரெண்டு மணிக்கு பஸ்.”

“மனசு அடங்கலயே சிஸ்டர்.”

“அடங்கும்னு நான் சொன்னேனா?”

பந்தலுக்குக் கீழே ரோசலி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. தட்டைச் சுற்றிக் கையை அணை மாதிரி வைத்திருந்தாள், மணல் விழாமல்.  மூன்று நாள் பட்டினி.

“சொல்லிப் பாத்துட்டேன். தொட மாட்டேங்கா” என்றாள் ஜெனோவா. “இங்க ஈயப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீருதான். போய்ச் சொல்லும்.”

கஸ்பார் போனார். பையைக் கையில் எடுத்துக்கொண்டே போனார். எதிரில் உட்கார்ந்தார்.

“காத்துல ஈ பறக்காதும்மா. எங்கயாச்சும் ஒண்டிக் கெடக்கும். அதான் வரல. கஞ்சில ஒண்ணும் இல்ல.”

“நெசமாவாண்ணே?”

“நாலு வாரம் அதத்தான பாத்துட்டு இருக்கேன். காத்து நின்னா வரும்.”

அவள் யோசித்தாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். கையை நீட்டினாள். விரல் கஞ்சியில் படப்போகிற நேரம் நின்றது.

“அன்னைக்குக் காத்தே இல்லையேண்ணே.”

கஸ்பார் பையைக் கீழே வைத்தார்.

“மழ விட்டுப் புழுக்கமா இருந்துச்சு. ஒரு எல அசையல. அப்ப ஏன் வரல?”

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. வளைவில் திரும்பும்போது அடிப்பான். இன்னும் அஞ்சு நிமிசத்தில் வந்துவிடும்.

“நீங்கதான் எல்லாம் பாத்தீங்களே. பல்லிக்கு ஈ பயப்படுமா?”

கஸ்பார் குனிந்தார். தன் கைகளைப் பார்த்தார். அவை மடிமேல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று அவருக்கே தெரியவில்லை.

பிரித்தார். ரெண்டு கையையும் மணலில் ஊன்றினார்.

“ஒன் கொழம்புல பல்லி விழல ரோசலி.”

அவள் நிமிர்ந்தாள்.

சொன்னார். மழை, புழு, மருந்துத் தண்ணீர், ஒரு கை கருவாடு, செத்த பூனை. ஒன்றையும் விழுங்கவில்லை. மூன்று வருசம் சொல்லாததைச் சொல்லி முடிக்க அஞ்சு நிமிசம்கூட ஆகவில்லை. பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. போனது.

ரோசலி அழவில்லை. கத்தவும் இல்லை. தட்டையே பார்த்தாள்.

“பெட்டியத் தூக்கும்போது தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த வெங்காயம் உரிச்ச கல்யாணத்துக்கு நீங்க வந்திருந்தீங்க.”

“வந்திருந்தேன்.”

காற்று ஓலையைப் படபடவென்று அடித்தது.

“அப்ப நான் மூடி வச்சிருந்தாலும்?” என்றாள்.

“மூடி வச்சிருந்தாலும்.”

அவள் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கும் காத்திருக்கவில்லை. தின்றாள். மணல் விழுந்திருந்தது, அதோடு தின்றாள். கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றாள். ஒரு தடவைகூட அவரைப் பார்க்கவில்லை.

கஸ்பார் மணலிலிருந்து கைகளை எடுத்தார். மெல்ல நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கப் போனார்.

“கையக் கீழ போடுங்க” என்றாள் ரோசலி.